குழந்தையின் முதுகில் வெளிறிய திட்டுகள்: ட்யூபரஸ் ஸ்க்ளீரோசிஸாக இருக்குமா?

நிலாமதி
வணக்கம். பையனுக்கு நாலரை மாதம். குளிப்பாட்டித் துடைக்கும்போதுதான் கவனித்தேன். முதுகில் மூன்று, இடது தொடையில் ஒன்று, பிட்டத்தில் ஒன்று என்று ஐந்து வெளிறிய திட்டுகள். சுண்ணாம்பு வெள்ளை இல்லை, அவன் நிறத்தில் இரண்டு மூன்று படி குறைவு, அவ்வளவுதான். தடவினால் வித்தியாசம் தெரியவில்லை. செதில் இல்லை, அரிப்பும் இருப்பதாகத் தெரியவில்லை. பெரியது என் கட்டைவிரல் நுனி அளவு. ஒன்று மட்டும் ஒரு முனை உருண்டு மறுமுனை கூராக இருக்கிறது.

தடுப்பூசிக்குப் போனபோது காட்டினோம். "பிறவி மச்சம் மாதிரிதான், ஒரு வயது வரை பார்ப்போம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் ட்யூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்று வருகிறது. மூளை, இதயம், சிறுநீரகம் என்று எல்லா இடத்திலும் கட்டி வருமாம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. எங்கள் இருவர் குடும்பத்திலும் யாருக்கும் இப்படி எதுவும் கிடையாது. அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஊர்க்குருவி
பயப்படாதீங்க சகோதரி. என் மகளுக்கும் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாக வந்தது. கால்சியம் குறைவு என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தோம், ஆறு மாதத்தில் இருந்த இடம் தெரியவில்லை.

தோலியல்_மாணவி
ஊர்க்குருவி அண்ணா, உங்கள் மகளுக்கு வந்தது பெரும்பாலும் பிட்டிரியாசிஸ் ஆல்பாவாக இருந்திருக்கும். வறண்ட தோலில் ஓரம் தெளியாமல், லேசாகச் செதில் விட்டு வருவது. தானாகவே போய்விடும், பூச்சி மருந்துக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க வேண்டாம். நாலரை மாதக் குழந்தைக்கு அதைக் கொடுக்கவும் கூடாது.

நிலாமதி அக்கா, நான் தோல் மருத்துவ மேற்படிப்பு மாணவி. திரையைப் பார்த்து நோய் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் "ஒரு வயது வரை பார்ப்போம்" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் எண்ணிக்கை. ஒன்றிரண்டு வெளிறிய திட்டு எந்த நோயும் இல்லாத குழந்தைக்கும் இருக்கலாம். குறைந்தது 5 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், அது இந்த நோயின் முதன்மை அறிகுறிகளில் ஒன்று. உங்கள் பையனுக்கு ஐந்து.

அந்தக் கூர்முனைத் திட்டைத்தான் "ஆஷ் இலைத் திட்டு" என்பார்கள். தமிழில் பலர் "சாம்பல் இலை" என்று எழுதுகிறார்கள். ஆஷ் என்பது இங்கே ஒரு மரத்தின் பெயர், சாம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1968இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் அந்த மரத்தின் சிற்றிலையோடு ஒப்பிட்டு எழுதியதிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. இலை வடிவம் இல்லையென்றால் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெருவிரல் ரேகை பதித்த மாதிரி ஒழுங்கில்லாத வடிவம்தான் அதிகம் பேருக்கு.

வெண்புள்ளி நோயிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். வெண்புள்ளியில் நிறமிச் செல்லே அழிந்துவிடும், அதனால் பால் வெள்ளை. இதில் செல் இருக்கும், அது செய்யும் நிறமிதான் குறைவு. அதனால் மங்கல். இருட்டறையில் வுட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியை அடித்தால் வெண்புள்ளி பளீரென்று தெறிக்கும், இது கொஞ்சம் தெளிவாகும், அவ்வளவுதான். வெளுத்த தோல் உள்ள குழந்தைகளில் அந்த விளக்கு இல்லாமல் திட்டே கண்ணுக்குப் படாமல் போகலாம். தலையில் ஒரு கொத்து முடி மட்டும் வெள்ளையாக இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் இதே கணக்கில் சேரும்.

பவித்ரம்
நிலாமதி, என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. ட்யூபரஸ் ஸ்க்ளீரோசிஸ்தான். தோல் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள். பையன் தூங்கி எழும்போது திடுக்கிடுகிறானா?

ஏன் கேட்கிறேன் என்றால், அவளுக்கு ஐந்தரை மாதத்தில் ஆரம்பித்தது இப்படித்தான். எழுந்ததும் தலை லேசாகக் கவிழும், இரண்டு கையும் விரிந்து மேலே போகும், ஒரு நொடி. அப்புறம் சாதாரணமாக இருப்பாள். பத்து நொடி கழித்து மறுபடி அதே. இப்படி வரிசையாகப் பதினைந்து இருபது தடவை. வயிற்று வலி, வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் வரை கொடுத்தோம். ஒன்பது நாள் போனது. அது வலிப்பு என்று தெரிந்த அன்று என் மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவருக்கும்தான் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

குழந்தை வலிப்பு என்றால் எல்லாரும் வெட்டி இழுப்பதைத்தான் நினைக்கிறோம். இது அப்படி இருக்காது. பார்த்தால் கைபேசியில் வீடியோ எடுங்கள், அன்றைக்கே போங்கள். அந்தத் திட்டு எத்தனை வருடம் இருந்தாலும் குழந்தையை ஒன்றும் செய்யாது. இந்த வலிப்பு ஒவ்வொரு நாளும் மூளை வளர்ச்சியைத் தின்னும்.

நிலாமதி
இல்லை அக்கா, அப்படி எதுவும் பார்த்ததில்லை. ஆனால் இனிமேல் அவன் எழும்போதெல்லாம் பயந்துகொண்டேதான் பார்ப்பேன்.

நரம்பியல்_வாத்தியார்
பயத்தோடு பார்த்தாலும் சரி அம்மா, பாருங்கள். பவித்ரம் சொன்னதை நான் வகுப்பில் சொன்ன காலத்தில் கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இந்நோயில் வரும் அந்த இழுப்புக்கு விகபட்ரின் என்ற மருந்துதான் முதல் தேர்வு. பார்வைப் புலத்தைப் பாதிக்கலாம் என்பதால் கண்ணைக் கவனித்துக்கொண்டே கொடுப்பார்கள். இப்போது வலிப்பு வரும் முன்பே இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) எடுத்துத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு அதுதான்: வலிப்பைப் பார்த்துத் தோலுக்கு வந்தவர்கள்தான் அதிகம். நீங்கள் தோலைப் பார்த்துவிட்டீர்கள்.

கொஞ்சம் பழைய கதை. 1880இல் பூர்ன்வீல் என்ற பிரெஞ்சு மருத்துவர் இறந்த நோயாளியின் மூளையில் கிழங்கு போலக் கெட்டிப்பட்ட முடிச்சுகளைப் பார்த்து இந்தப் பெயர் வைத்தார். 1908இல் ஃபோக்ட் என்பவர் வலிப்பு, அறிவுத்திறன் குறைவு, முகத்தில் பருப்போன்ற மொட்டுகள் மூன்றும் சேர்ந்தால் இந்நோய் என்று வரையறுத்தார். மருத்துவ உலகம் அதைப் பல பத்தாண்டுகள் மந்திரம் போல ஓதியது. மூன்றும் சேர்ந்து இருப்பவர்கள் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. அறிவுத்திறன் குறையாதவர்களே ஏறக்குறையப் பாதி. அந்த மும்மூர்த்திகளை மனப்பாடம் செய்த தலைமுறை எத்தனை பேரைத் தவறவிட்டதோ. நானும் அந்தத் தலைமுறைதான்.

பரு_மன்னன்
தவறவிட்டவர்களில் ஒருவன் ஆஜர் சார். வயது 38. கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். வலிப்பு வந்ததே கிடையாது.

நாலு வயதிலிருந்தே மூக்கின் இரு பக்கமும், கன்னத்திலும், தாடையிலும் கடுகு அளவு சிவந்த மொட்டுகள். பத்து வயதில் எல்லாரும் "இவனுக்குச் சீக்கிரம் பருவம் வந்துவிட்டது" என்றார்கள். பதினாறில் "வயசுக் கோளாறு". இருபத்தைந்தில் "கல்யாணம் ஆனால் சரியாகும்". ஆனது, சரியாகவில்லை. மூன்று மருத்துவர்கள் முகப்பரு மருந்து கொடுத்தார்கள். ஒருவர் ஐசோட்ரெட்டினாயின் எட்டு மாதம் கொடுத்தார். உதடு வெடித்ததுதான் மிச்சம்.

இதில் நான் கற்றுக்கொண்டது: பரு வரும், பழுக்கும், போகும். கருமுள், வெண்முள் (பிளாக்ஹெட், ஒயிட்ஹெட்) இருக்கும். இது வந்தால் போகாது. கிள்ளினால் சீழ் வராது, ரத்தம்தான் வரும். சவரம் செய்யும்போது ஒரு மொட்டின் தலை சீவப்பட்டால் கால்மணி நேரம் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அலுவலகத்துக்குத் தாமதம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மேல் உதட்டில் மட்டும் அவ்வளவாக இருக்காது, மூக்கோரத்தில் அடர்ந்து இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி.

நிலாமதி, தப்பாக நினைக்காதீர்கள். "குடும்பத்தில் யாருக்கும் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு உங்கள் கணவரைச் செருப்பு, காலுறை எல்லாம் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் உட்காருங்கள். கால் நகங்களைப் பாருங்கள். ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன்.

சும்மா_கேட்கிறேன்
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இதைப் படித்ததும் என் மகளைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளை ஒன்று, பழுப்பு இரண்டு. வயது மூன்று. இப்போது எனக்கும் தூக்கம் போய்விட்டது.

தோலியல்_மாணவி
நீங்கள் தூங்கலாம். ஒற்றை வெள்ளைத் திட்டு மேலே சொன்ன கணக்குக்குள் வராது. பழுப்பு நிறம் வேறு குடும்பம்: நரம்புகளில் கட்டி வரும் பரம்பரை நோயான நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1. அதிலும் எண்ணிக்கைதான் பேசும். பருவம் அடைவதற்கு முன் 5 மில்லிமீட்டருக்கு மேல், அடைந்த பிறகு 15 மில்லிமீட்டருக்கு மேல் ஆறோ அதற்கு அதிகமோ பால்காப்பி நிறத் திட்டுகள், அக்குளிலோ தொடை இடுக்கிலோ பொடிப்பொடியான புள்ளிகள். இரண்டு திட்டு யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும். அடுத்த முறை குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போது காட்டி வையுங்கள், போதும்.

நிலாமதி
பரு_மன்னன் அண்ணா, பார்த்தோம்.

அவருக்கு வலது கால் சுண்டுவிரலில் நகத்தின் அடியிலிருந்து பூண்டுப்பல் முனை மாதிரி ஒரு சதை நீட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. காலணி கடித்து வந்தது என்பார். இரண்டு தடவை வெட்டி எடுத்திருக்கிறார்கள், மறுபடி முளைத்தது. நேற்று மற்ற விரல்களையும் பார்த்தோம். இடது கால் நாலாவது விரலில் சின்னதாக இன்னொன்று. கைப் பெருவிரல் நகத்தில் வாய்க்கால் வெட்டிய மாதிரி நீளமாக ஒரு பள்ளம். அப்புறம் மூக்கோரத்தில் ஏழெட்டு மொட்டு. "மச்சம்" என்று நினைத்துத்தான் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பரு_மன்னன்
அவரிடம் சொல்லுங்கள், நானும் அப்படித்தான் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். அவர் செய்த தப்பு எதுவும் இல்லை. எந்த விரலில் எது முளைக்கும் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

என் கதையும் அங்கேதான் உடைந்தது. நகத்தைச் சரிசெய்யப் போன இடத்தில் ஒரு இளம் மருத்துவர் என் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். திரும்பக் காலைப் பார்த்தார். "சட்டையைக் கழற்றுங்கள்" என்றார். கால் விரலுக்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். இடுப்புக்கு மேலே முதுகில் உள்ளங்கை அளவுக்குத் தடித்த தோல், கமலா ஆரஞ்சின் தோல் மாதிரி குழிகுழியாக. என் முதுகை நான் எப்போது பார்த்தேன்?

தோலியல்_மாணவி
அதுதான் ஷாக்ரீன் திட்டு. சொரசொரப்பான சுறாத்தோலுக்கு உள்ள பெயர் அது. பாதிப் பேருக்கு வரும், பெரும்பாலும் கீழ்முதுகில். நகத்தடிச் சதைக்குக் கோனன் கட்டி என்று பெயர். கையைவிடக் காலில் அதிகம். அடிபட்ட நகத்தில் சாதாரணமானவருக்கும் ஒன்று முளைக்கலாம் என்பதால், இரண்டு இருந்தால்தான் முதன்மை அறிகுறியாக எடுப்போம்.

இந்த நோயில் தோல் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடாது, வயது பார்த்துத்தான் காட்டும். வெளிறிய திட்டு பிறந்தபோதே அல்லது முதல் சில மாதங்களில், பத்தில் ஒன்பது பேருக்கு. சிலருக்கு நெற்றியில் மஞ்சள் கலந்த தடித்த தகடு, அதுவும் பிறவியிலேயே இருக்கலாம். முகத்து மொட்டுகள் இரண்டு முதல் ஐந்து வயதில் தொடங்கிப் பருவ வயதில் பெருகும். ஷாக்ரீன் திட்டும் பெரும்பாலும் பிறந்த சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் துலங்கும். நகக் கட்டி பதின்ம வயதிலோ அதற்குப் பிறகோ. இதற்குள் குழந்தைக் காலத்து வெள்ளைத் திட்டு சிலருக்கு மங்கியே போயிருக்கும். அதனால்தான் குழந்தையிடம் நகத்தைத் தேடியும் பயனில்லை, அப்பாவிடம் வெள்ளைத் திட்டை மட்டும் தேடியும் பயனில்லை. கை கால்களில் அரிசிக் குருணை தூவிய மாதிரி குட்டிக்குட்டி வெண்புள்ளிகள், பல் எனாமலில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள், ஈறில் சதை முடிச்சு, இவையெல்லாம் துணை அறிகுறிகள்.

நிலாமதி அக்கா, உங்கள் கணவருக்கு நகத்தில் இரண்டு. முகத்து மொட்டு மூன்றுக்கு மேல். நேரில் பார்க்கும் மருத்துவர் இரண்டையும் உறுதி செய்தால் இரண்டு முதன்மை அறிகுறிகள் ஆகிவிடும். ஸ்கேனோ மரபணுச் சோதனையோ வருவதற்கு முன்பே, தோலை வைத்து மட்டும் முடிவு சொல்லிவிடலாம்.

ஊர்க்குருவி
நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சந்தேகம். பெரியவர்களுக்கு மூக்கில் இப்படி மொட்டு இருந்தாலே இந்த நோய்தானா?

தோலியல்_மாணவி
இல்லை அண்ணா. மூக்கில் தோல்நிறத்தில் ஒற்றை மொட்டு பெரியவர்கள் பலருக்கு வரும், அதில் ஒன்றும் இல்லை. பல மொட்டுகள் நடுவயதில் புதிதாக வந்தால் வேறு இரண்டு பரம்பரை நோய்களையும் நினைப்போம்: பெர்ட்-ஹாக்-டூபே, எம்.இ.என். (MEN) வகை 1. முந்தையது நுரையீரலில் காற்றுப் பைகள், சிறுநீரகப் புற்றுநோய் பக்கம் இழுக்கும். பிந்தையது நாளமில்லாச் சுரப்பிகளின் பக்கம்.

நிலாமதி
இவர் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறாரே, பையனும் அப்படியே இருப்பானா?

நரம்பியல்_வாத்தியார்
உறுதி சொல்ல முடியாது அம்மா, பொய்யாக ஆறுதல் சொல்லவும் மாட்டேன். ஒரே வீட்டில், ஒரே மரபணுப் பிழையோடு, ஒருவர் மொட்டோடு மட்டும் வாழ்வார், இன்னொருவருக்கு வலிப்பு அடங்காது. டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 என்று இரண்டு மரபணுக்கள், முதலாவது 9ஆம் குரோமோசோமில், இரண்டாவது 16இல். பொதுவாக முதலாவதில் பிழை இருந்தால் நோய் சற்று மென்மை. இவை இரண்டும் சேர்ந்து எம்டார் என்ற வளர்ச்சி விசைக்குப் பிரேக் போல வேலை செய்கின்றன. பிரேக் போனால் செல்கள் தேவையில்லாமல் பெருகும், அதுதான் அத்தனை கட்டிக்கும் மூலம். பெரும்பாலும் புற்று அல்ல, ஆனால் இருக்கும் இடத்தைப் பொறுத்துத் தொல்லை.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு. நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றியது. ஆனால் "புதிது" என்று முத்திரை குத்துவதற்கு முன் பெற்றோரின் தோலைப் பார்க்க வேண்டும். சோதனையில் மரபணுப் பிழை அகப்படாதவர்களும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் உண்டு, அதனால் "சோதனை சரியாக வந்தது" என்பதை வைத்து மட்டும் அறிகுறி உள்ளவரை விடுவிக்க முடியாது.

குழந்தைக்கு இப்போது மூளை எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன், கண் பரிசோதனை. கணவருக்குச் சிறுநீரகம் அவசியம். பெண்ணாக இருந்திருந்தால் நுரையீரலுக்கும் சி.டி. சொல்லியிருப்பேன்.

சும்மா_கேட்கிறேன்
அந்த முகத்து மொட்டுக்கு வைத்தியமே இல்லையா?

பரு_மன்னன்
இருக்கிறது. லேசரில் முதலில் எடுத்தேன், இரண்டு வருடத்தில் பாதி திரும்பியது. இப்போது சிரோலிமஸ் ஜெல். ஈஸ்டர் தீவில் 1964இல் எடுத்து வந்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரி தந்த மருந்து. வாத்தியார் சொன்ன அந்த எம்டாரைத்தான் அமுக்குகிறது. ஜப்பானில் 2018இல், அமெரிக்காவில் 2022இல் 0.2 சதவீத ஜெல்லாக இந்த மொட்டுக்கென்றே அனுமதி கொடுத்தார்கள். எனக்கு மூன்றாவது மாதத்தில் சிவப்பு அடங்கி மொட்டு தட்டையானது. முதல் வாரம் மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தொட்ட மாதிரி எரிந்தது. நிறுத்தினால் திரும்ப எட்டிப் பார்க்கும். சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம் என்று என் மருத்துவர் சொன்னார். கூடவே வெயிலிலிருந்து முகத்தைக் காப்பாற்ற வேண்டும், புற ஊதாக் கதிர் இந்த மொட்டுகளைத் தூண்டும்.

பவித்ரம்
என் மகள் அதைப் போட ஆரம்பித்து ஒரு வருடம். பள்ளியில் "மூஞ்சியில் என்ன" என்று கேட்பது நின்றிருக்கிறது. வலிப்பு மருந்து மூன்று சாப்பிடுகிறாள், அதைப் பற்றி அவள் ஒருநாளும் அழுததில்லை. மூக்கு மொட்டுக்குத்தான் அழுதாள்.

நிலாமதி (மூன்று வாரம் கழித்து)
எல்லாருக்கும் நன்றி. வுட்ஸ் விளக்கில் இன்னும் இரண்டு தெரிந்தது, மொத்தம் ஏழு. இதயத்தில் இரண்டு சிறிய ராப்டோமயோமா, அதாவது தசைக் கட்டி. ரத்த ஓட்டத்தை அடைக்கவில்லை, வளர வளரத் தானாகச் சுருங்கும் வகை என்றார்கள். மூளையில் சில முடிச்சுகள் உண்டு. இ.இ.ஜி. இப்போதைக்குச் சரியாக இருக்கிறது, ஆறு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கப் போகிறோம். மரபணுச் சோதனைக்கு மூவரின் ரத்தமும் போயிருக்கிறது. அவரே ஏதோ எழுத வேண்டுமாம், இதே கணக்கில் எழுதுகிறார்.

நிலாமதி
நான்தான் அந்தச் சுண்டுவிரல்காரன். சிறுநீரகம் இரண்டிலும் கொழுப்பும் ரத்தக்குழாயும் கலந்த கட்டிகள், பெரியது 2 சென்டிமீட்டர். 3ஐத் தாண்டி வளர்ந்தால் மாத்திரை, அதுவரை கண்காணிப்பு. இந்த இழையைப் படிக்கவில்லையென்றால் ரத்தம் கசிந்த பிறகுதான் தெரிந்திருக்கும். பரு_மன்னன் சாருக்கு ஒரு கேள்வி: நகக் கட்டியை மூன்றாவது முறை வெட்டலாமா, விட்டுவிடலாமா? அப்புறம் என் அம்மாவுக்கு மூக்கில் மொட்டு எதுவும் இல்லை. ஆனால் அவர் எப்போதும் காலில் ஒரு விரலுக்குத் துணி சுற்றியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை போய் அவிழ்த்துப் பார்க்கப் போகிறேன்.

பரு_மன்னன்
வலிக்கவில்லை, செருப்பு உரசவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எனக்கு நான்கு இருக்கிறது, ஒன்றை மட்டும்தான் எடுத்தேன். அம்மாவிடம் போகும்போது நல்ல டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள், முதுகையும் பாருங்கள்.